அத்தையின் ஆண்டு பாஸ்

என் மேசை டிராயரில் சின்ன அத்தையின் பழைய ஆண்டு பாஸ் ஒன்று கிடக்கிறது. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் இருக்கிற கேளிக்கைப் பூங்காவின் பாஸ். படத்தில் அத்தைக்கு நல்ல அடர்ந்த பின்னல், காதில் கம்மல். கண் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. கழுத்தை லேசாகத் திருப்பி, படம் எடுத்தவனை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருக்கிறாள். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு போன் கம்பெனியில் கீறல் விழுந்த சாமான்களைக் கண்டுபிடித்து ஒதுக்குவது அவள் வேலை. பகலெல்லாம் சந்தேகப்பட்டுச் சம்பாதித்தவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாரையும் நம்பிவிடுவாளா என்ன?

சத்தியவேட்டிலிருந்து வேலைக்குப் போகும் நாங்கள் சிலர் அந்தப் பாஸ் வைத்திருந்தோம். எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. எந்த ராட்டினம் ஓடுகிறது, எதில் கயிறு கட்டித் தடுத்திருக்கிறார்கள், தண்ணீர்ச் சறுக்கில் ஏன் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் அதில் விவாதமாகும். பாஸ் புதுப்பிக்கும் காலம் வந்தால் பூங்கா வாசலில் புதிய பேனர் ஏறிவிடும். குழுவில் இளசுகள் கைதட்டல் படம் போடுவார்கள். அத்தை மட்டும் குரல் பதிவு அனுப்புவாள்: “புச்சா ஒண்ணு வருதுன்னு சொல்லிக்கினு இருக்கானுங்கன்னா, பழசுல எதையோ தூக்கப் போறானுங்க. பாத்துக்கினே இருங்க.”

அவள் பயந்தது கப்பல் ஊஞ்சலுக்காக. மற்ற எதிலும் அவள் ஏறியதில்லை. கப்பலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அது உச்சிக்குப் போகும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்துவாள். எனக்குத் தெரிந்த அத்தை குரல் உயர்த்தாதவள். மாமா போன நாளில்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓசையில்லாமல் அழுதவள். ஒருமுறை கேட்டேன். “இங்கதான்டா கத்தினா ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க” என்றாள்.

ஒரு வருடம், புதிதாகப் பனி அறை வருகிறது என்று பேனரில் பனிக்கரடி வந்தது. அடுத்த வாரமே கப்பலுக்குத் தார்ப்பாய் போர்த்தி, பராமரிப்புப் பணி என்று தெலுங்கில் பலகை மாட்டினார்கள். குழு கொந்தளித்தது. பனி அறைக்கு அந்த இடம்தான் என்றார் ஒருவர். எல்லாரும் பாஸ் எடுத்து முடிக்கும்வரை இப்படித்தான் மூடி மறைப்பார்கள் என்றார் இன்னொருவர். நானும் நிர்வாகத்தை நம்பவில்லை. அத்தை பாஸைப் புதுப்பித்துவிட்டு, அதன்பின் குழுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாளில் தார்ப்பாய் விலகி, கப்பல் மறுபடி ஆடியது. அடுத்த ஞாயிறு காலை பூங்கா வாசலில் காத்திருந்தேன். அத்தை வந்தாள், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு. கப்பல் திறந்தால் முடி தருகிறேன் என்று ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். அன்று விடியலிலேயே கடனைத் தீர்த்துவிட்டு, மலையிலிருந்து நேராக இங்கே இறங்கிவிட்டாள்.

வாசலில் இருந்தவர் பாஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இதி மீரு காதம்மா” என்றார். இது நீங்கள் இல்லை. சிரிப்பு வந்தது எனக்கு. திருப்பதியில் நின்றுகொண்டு மொட்டைத் தலையைச் சந்தேகப்படுவதா! ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மலைக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு மொட்டை அடித்ததும் தங்கள் பாஸைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. நான் சாட்சி சொன்னேன். அவர் என்னையும் அதே பார்வை பார்த்தார்.

உலகத்தையே சந்தேகப்பட்டவளை முதல்முறையாக ஒருவர் சந்தேகப்படுகிறார். அத்தை அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை. கழுத்தை லேசாகத் திருப்பி, அந்த மனிதரை ஓரக்கண்ணால் மேலிருந்து கீழ்வரை அளந்தாள். “இவன் ஏதோ கமிஷன் எதிர்பாக்கிறான்டா” என்று என்னிடம் முணுமுணுத்தாள். அவர் பாஸிலிருந்த படத்தை மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “மீரே, மீரே!” நீங்களேதான் என்று வழிவிட்டார்.

அன்று அவள் கத்திய கத்தல் வாசல்வரை கேட்டிருக்கும்.

மழைக்காலம் முடிவதற்குள் தார்ப்பாய் மறுபடி ஏறியது. இந்த முறை பலகைகூட இல்லை. பிறகு ஒரு நாள் கப்பலும் இல்லை. குழுவில் எல்லாரும் நிர்வாகத்தைத் திட்டினார்கள். அத்தை பெருமாளைக்கூடத் திட்டவில்லை. “தொறக்கணும்னுதான் கேட்டேன். மூடக்கூடாதுன்னு கேக்கல. அவரு மேல தப்பில்ல நைனா” என்று பாஸை என்னிடம் கொடுத்தாள். எனக்குப் பெருமாள் மேல் கொஞ்சம் சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது.

போன வாரம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்து ஓசையில்லாமல் தலை வாரிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வளர்ந்து, படத்தில் இருப்பதுபோலவே பின்னல் போடும் அளவுக்கு வந்துவிட்டது. இப்போது அந்தப் பாஸோடு போய் நின்றால் எந்த வாசலிலும் யாரும் இவள் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். உள்ளே போய்க் கத்துவதற்குத்தான் இடமில்லை.