வீடியோவில் நம்பர் உள்ளது

கடைக்காரர்களுக்கு ஆன்லைனில் விளம்பரம் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் காலையில் கண் விழித்ததும் மணி பார்ப்பதில்லை. நேற்றுப் போட்ட வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்போம். எண் கூடியிருந்தால் எழுந்து பல் தேய்க்கலாம். குறைந்திருந்தால் பாயிலேயே உட்கார்ந்து, யாருக்கு என்ன குற்றம் செய்தோம் என்று யோசிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் பிரகாஷின் பேனர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட அறையில் நான் பல வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வாடிக்கையாளர்கள் உண்டு. கேக், ஊறுகாய், டியூஷன், ஜாக்கெட் தையல் என்று எதையாவது போன் வழியாக விற்றுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே படிக்கலாம். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆப்களை நாங்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை, நிறம் சொல்லித்தான் அழைப்போம். கறுப்பு, ரோஸ், சிவப்பு. எது எதைப் பார்த்துக் காப்பியடித்தது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். நிறம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கறுப்பு போன அன்று

குணா அண்ணன் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்கிறவர். என்னுடைய முதல் வாடிக்கையாளர். தார்ப்பாயை நான்கு பேர் பிடித்துக்கொள்ள, அவர் அதன்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, கீழே காய்ந்த தரையைக் கையால் தடவிக் காட்டுவார். அவ்வளவுதான் வீடியோ. கறுப்பில் அதற்கு அப்படி ஒரு கூட்டம். லாரியே இல்லாதவர்கள்கூடப் பார்த்தார்கள். பெயர்ப் பலகைக்குப் பெயின்ட் அடிப்பதைக்கூட அவர் நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் கறுப்புக்குத் தடை என்று செய்தி வந்தது. மறுநாள் திறந்தால் ஆப் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. குணா அண்ணனைப் பின்தொடர்ந்த அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் காணாமல் போயிருந்தார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அந்தக் காலி இடத்தைப் பிடிக்க ரோஸும் சிவப்பும் ஓடி வந்தன. என் பயம் அன்றுதான் தொடங்கியது. குணா அண்ணன் போனில் நிதானமாகத்தான் பேசினார்.

"பாப்பா, சரக்கெல்லாம் அப்டியே கீது. கடையத்தான் காணோம்."

மேரி அக்காவின் இடம்

மேரி அக்காவுக்கு ராயபுரம். கணவர் ரயில்வேயில் பளு தூக்கும் கலாசியாக இருந்து, முதுகு ஒடிந்து வீட்டோடு இருக்கிறார். அக்கா மீன் மார்க்கெட்டில் மூன்றாவது வரிசையில் பலகை போட்டு விற்றுவந்தார். அவர் சங்கராவைச் செதில் எடுத்து, குடல் நீக்கி, துண்டு போடுவதை ரோஸில் போட்டேன். முகம் வராது, கையும் கத்தியும், விரலில் சிலுவை போட்ட ஒரு மோதிரமும்தான். மூன்றே மாதத்தில் போன் வழியாக வீட்டுக்கு வந்து சேரும் ஆர்டர், பலகையில் விற்பதைவிட அதிகமாகிவிட்டது. இரண்டையும் பார்க்க ஒரு உடம்பு போதவில்லை.

அந்த மார்க்கெட்டில் இடத்துக்குப் பத்திரம் கிடையாது. தினமும் பலகை போடுகிறவருக்குத்தான் இடம். பிரசவம், சாவு என்றால் பக்கத்தில் இருப்பவள் ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்துவைத்துக் காவல் காப்பாள். மாதம் ஒன்று தாண்டினால் அவளாலும் காக்க முடியாது. அக்கா என்னிடம் வந்து, இடத்தை விட்டுவிடலாமா என்று கேட்டார். அன்று எண் நன்றாகக் கூடியிருந்தது. விட்டுவிடுங்கள் என்றேன். இன்னும் இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம்.

"நீ சொன்னா சரிதாம்மா. எனுக்கு மீனு தெரியும், இது உனுக்குத்தான் தெரியும்."

மூலையில் ஒரு முத்திரை

அப்புறம் சிவப்புக்கும் ரோஸுக்கும் நேரடியாகவே சண்டை மூண்டது. தன்னுடைய கேமராவில் எடுக்கும் வீடியோவை நிறையப் பேருக்குக் காட்டுவதாகச் சிவப்பு சொன்னது. நானும் அதிலேயே எடுத்தேன். அதையே இறக்கி ரோஸிலும் போட்டேன். ஒரே மீனை இரண்டு தடவை வெட்டச் சொல்ல முடியாதல்லவா? ஆனால் சிவப்பிலிருந்து இறக்கினால் மூலையில் அதன் முத்திரை ஒட்டிக்கொண்டு வரும். எதிராளியின் முத்திரையைப் பார்த்ததும் ரோஸ் அந்த வீடியோவை ஓரங்கட்டிவிடும். ஆயிரக்கணக்கில் இருந்த எண் நாற்பதுக்கு வந்தது. அந்த நாற்பதில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள்.

கீழேயிருந்து பிரகாஷை அழைத்துக் காட்டினேன். அவன் அலட்டிக்கொள்ளவில்லை. கட்சி மாறியவர்களுக்கு அவன் பழைய பேனரில் தலைவர் முகத்தின் மேல் புதுத் தலைவர் முகத்தை ஒட்டிக் கொடுத்துப் பழகியவன். முத்திரையின் மேல் ஒரு வஞ்சிரம் படத்தை ஒட்டிவிடலாம் என்றான். ஒட்டினோம். முத்திரை நான்கு நொடியில் கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்குப் போய்விட்டது. அங்கேயும் ஒட்டினோம். திரும்பிக் கீழே வந்தது. பிரகாஷ் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

"தலைவருங்களே தேவலாம்க்கா, அஞ்சு வருசமாவது ஒரே எடத்துல நிக்கிறாங்க."

ஒரு விரல் அகலம்

பிறகு எனக்கே வழி தோன்றியது. வீடியோவின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரித்துவிட்டேன். முத்திரை எந்த மூலைக்குப் போனாலும் இனி தெரியாது. ரோஸில் எண் மறுநாளே ஏறியது. முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு. போட்டியில் ஒரு சுற்று ஜெயித்ததாக எனக்கு நினைப்பு.

ஆனால் புது ஆர்டர் நின்றுவிட்டது; அது ரோஸ் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது, சிவப்பில் வேடிக்கை பார்ப்பவர்களே அதிகம். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். ஐஸ் பெட்டியில் மீன் மிஞ்சியது. மிஞ்சியதை அக்கா தெருவில் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார், பிறகு கருவாட்டுக்குப் போட்டார். ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்குப் போன் வரும். நான் அந்த மணியடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே போனை மேசையில் கவிழ்த்துவைப்பேன். எடுத்தால் ஒரே பதில்தான் என்னிடம் இருந்தது. அக்கா, ரெண்டு கம்பெனிக்கும் சண்டை, ரோஸ் வேண்டுமென்றே நம் வீடியோவை மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் காட்டுகிறது, ராயபுரத்துக்குக் காட்டமாட்டேன் என்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன். எங்களைப் போன்றவர்கள் கூடும் வாட்ஸப் குழுவிலும் எல்லோரும் இப்படித்தான் புலம்பிக்கொண்டிருந்தார்கள். புலம்பலில் ஒரு தெம்பு இருக்கிறது. அக்கா ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. ஒரு தடவை மட்டும் அந்தக் கம்பெனிகளின் சொந்தக்காரர்களுக்குக் குழந்தை குட்டி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

"ரெண்டு பேரும் சமாதானம் ஆவட்டும்னு மாதாகிட்ட மெழுவத்தி ஏத்திக்கினு வரேன்."

இரண்டு போன்கள்

அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு நாள் குணா அண்ணன் ஒரு பரீட்சை வைத்தார். எந்த ஆப் ஆளைக் கொண்டுவருகிறது என்று தெரிந்தாக வேண்டும். கல்லாவில் இரண்டு போன்களை வைத்து, ஒன்றில் ரோஸையும் இன்னொன்றில் சிவப்பையும் திறந்துவைத்தார். என்னையும் எதிரில் உட்காரவைத்தார். வருகிறவரைக் கேட்டு, அந்தந்த போனுக்கு நேராக ஒரு கோடு போட வேண்டும். மத்தியானம்வரை எந்தக் கோடும் இல்லை. வெளியே காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் நின்று நின்று நகர்ந்தன. எனக்கு மேரி அக்காவின் பதினொரு மணிப் போன் வந்து, அடித்து, ஓய்ந்தது.

இரண்டு மணிவாக்கில் ஒரு டிரைவர் ஏறிவந்து பெரிய அளவில் இரண்டு தார்ப்பாய் கேட்டார். குணா அண்ணன் தார்ப்பாயை எடுப்பதற்கு முன்பே, சிவப்பா ரோஸா என்று கேட்டார். டிரைவர் பச்சை இருந்தால் கொடுங்கள் என்றார். நான் குறுக்கே புகுந்து, எங்களை எப்படித் தெரியும் என்று விளக்கமாகக் கேட்டேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மழ வராப்ல இருந்துச்சு. போர்டு தெரிஞ்சுது. நின்னேன்."

தேவி

மூன்றாவது வாரக் கடைசியில் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போனார். புது வீடியோ எடுக்க என்று என்னிடம் சொன்னார். ஆனால் பழைய பலகையைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தார். மூன்றாவது வரிசையில் அவர் இடத்தில் தேவி உட்கார்ந்திருந்தாள். எண்ணூர்ப் பக்கம் முகத்துவாரக்குப்பத்துப் பெண். ஆற்றில் மீன் குறைந்துபோய், பஸ் பிடித்து இங்கே வந்து விற்கிறவள். நெத்திலியைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இடத்தைவிட்டு நகரவில்லை.

அக்கா கேட்கவில்லை. பலகையைக் கீழேயும் வைக்கவில்லை. அந்த மார்க்கெட்டில் கேட்பது மரியாதை இல்லை. கேட்டால் மறுக்க வேண்டிவரும், மறுத்தால் பேச்சு நின்றுபோகும். சுற்றி இருந்தவர்கள் கை வேலையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். தேவியே வாயைத் திறந்தாள். கோபமாகச் சொல்லவில்லை.

"யக்கா, நீ போன்ல கீற, நா இங்க கீறேன். ரெண்டு எடமும் உனுக்கே வோணும்னா நா எங்க போவேன்?"

மோதிரம்

திரும்பி நடக்கும்போது, பையுடன் வந்த ஒரு அம்மாள் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினார். திருவொற்றியூர்க்காரர். சிலுவை மோதிரத்தைத் திருப்பிப் பார்த்து, நீங்கள்தானே வீடியோவில் மீன் வெட்டுவது என்றார். எனக்கு உயிர் வந்தது. ரோஸ் இந்தப் பக்கத்தாருக்கும் காட்டுகிறது. அப்படியானால் ஏன் ஆர்டர் செய்யவில்லை என்று கேட்டேன்.

அவர் போனை எடுத்துக் காட்டினார். வீடியோவுக்குக் கீழே, நம்பர் கொடுங்கள் என்று மூன்று தடவை எழுதியிருந்தார். மூன்றுக்கும் பதில் போயிருந்தது. நான்தான் அந்தப் பதிலைத் தானாகப் போகும்படி வைத்திருந்தேன். உடனுக்குடன் பதில் சொன்னால் எண் கூடும் என்பார்கள். எழுத்தில் நம்பர் போட்டால் எண் குறையும் என்றும் எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை; அதனால் அக்காவின் நம்பரைப் படத்துக்குள்ளேயே, அடியில், மஞ்சளில் போடுவது என் வழக்கம். பதில் இதுதான்: வீடியோவில் நம்பர் உள்ளது, நன்றி. படத்தின் அடியைப் பார்த்தேன். மஞ்சள் எண்களின் உச்சந்தலை மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. மீதியை நான் கத்தரித்திருந்தேன், ஒரு விரல் அகலத்துக்கு. அவருக்குக் கீழே இன்னும் எத்தனையோ பேர் நம்பர் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தேன்.

"எங்க வூட்டுக்காரரு கண்ணாடிய போட்டுக்கினு ரெண்டு நாளா தேடுனாரு. மீனத் தவிர ஒண்ணியும் இல்லன்னுட்டாரு."

டீக்கடை

அக்காவுக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. புரியாமலேயே விட்டுவிடலாம் என்று மார்க்கெட் வாசல்வரை நினைத்தேன். நம்பரைத் திரும்பப் போட்டுவிட்டால் ஆர்டர் வரும். கம்பெனிக்காரர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொன்னால் அவர் நம்புவார், மெழுகுவத்தியும் வீண்போகாது. டீ வாங்கினோம். அக்கா பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் டீ குடிக்க முடியவில்லை. முத்திரை, கத்தரிப்பு, மஞ்சள் நம்பர், தானாகப் போன பதில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சண்டை உண்மைதான் என்பதையும் இரண்டு தடவை சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு வாரமா அவங்களுக்கு மெழுவத்தி ஏத்துனேன். வெட்டுனது நீயா?"

ஆர்டர் திரும்ப வருகிறது, பழைய அளவில் பாதி. அக்கா கடைசி வரிசையில், கழிவுநீர் ஓடும் பக்கம் பலகை போட்டிருக்கிறார்; வெயில் எட்டு மணிக்கே வந்துவிடும். இப்போது ஒவ்வொரு வீடியோவையும் போடுவதற்கு முன் அவரிடம் காட்ட வேண்டும். மீனைப் பார்க்கமாட்டார், அடியில் இருக்கும் பத்து எண்ணையும் விரல் வைத்து வாய்விட்டுப் படிப்பார், பிறகுதான் போகச் சொல்வார்.

பெரிய கம்பெனிகள் அடித்துக்கொண்டால் நம்மைப் போன்றவர்கள்தான் அழிவோம் என்று நான் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன், வீடியோவின் அடியை ஒரு முறை பார்த்துக்கொண்ட பிறகு.