கும்மியில் வந்த வாய்ப்பாடு

எனக்கு உட்கார்ந்து படித்தால் ஒன்றும் ஏறாது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் யாரும் சிரிக்கவில்லை, பிரம்பை எடுத்தார்கள். தங்கச் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த கோரமண்டல் லைன் வீடுகளை ஒட்டி ஓலை வேய்ந்த பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும். மூன்றாம் வாய்ப்பாட்டிலேயே என் வண்டி குடை சாய்ந்துவிடும். வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருவார். அவரிடம் ஏழாம் வாய்ப்பாடு சொல்லாத பெண்ணுக்குப் படிப்பு அதோடு சரி என்று வாத்தியாரம்மா சொல்லிவிட்டார். அதன்பிறகு தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஒருநாள் கும்மியடிக்கும்போது பாட்டு மறந்துபோய், வாய்க்கு வந்த வாய்ப்பாட்டைப் போட்டுப் பாடினேன். கை தட்டத் தட்ட, கால் மாற்றி வைக்க வைக்க, அது தானாக வந்தது. அன்றிலிருந்து, தங்கம் எடுத்தபின் கொட்டிய மண்மேட்டுக்குப் பின்னால் போய், தனியாகக் குனிந்து நிமிர்ந்து சுற்றிச் சுற்றிப் படித்தேன். நடுவில் நின்றால் எல்லாம் போய்விடும். அதனால் யார் கூப்பிட்டாலும் நிற்பதில்லை.

சுள்ளி பொறுக்க வந்த பெரியம்மா பார்த்துவிட்டாள். தலை அவிழ்ந்து, கண்ணை மூடி, முணுமுணுத்துக்கொண்டு ஆடும் பெண்ணைப் பற்றி எங்கள் ஜனங்கள் வேறென்ன நினைப்பார்கள்? வேப்பிலையும் கையுமாக அம்மாவை இழுத்து வந்தாள்.

"தாயே, உனக்கு இன்னா வேணும், சொல்லு! பொங்கல் வெக்கணுமா?"

"ஏழெட்டு ஐம்பத்தாறு" என்றேன்.

"ஐம்பத்தாறு பொங்கலா!" பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா அழுதாள். சாமி வந்த பெண்ணை எவன் கட்டிக்கொண்டு போவான் என்பது அவள் கவலை. இது வாய்ப்பாடு அம்மா என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன்.

"உனக்குத்தான் படிப்பே வராதே. அப்ப சொல்றது யாரு?" என்று கேட்டாள்.

பூசாரி வந்து என் கையில் மஞ்சள் கயிறு கட்டி, அம்மனை மலையேறச் சொன்னார். கும்மிக்கும் தடை விழுந்தது. படிப்பு போய்விடுமே என்று நான் தேம்பியதை அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று, எனக்கு உள்ளே ஏதாவது ஆகிவிடுமோ என்று அம்மா பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் வரியே வரவில்லை. வாத்தியாரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கண்ணீர் முட்டியது.

அப்போது வெளியே கைதட்டும் சத்தம் கேட்டது. கும்மித் தாளம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மெல்லக் கூப்பிட்டாள்.

"வா தாயே... எம் பொண்ணு மேல வா."

என் கால் அசைந்தது, கட்டிய கை அவிழ்ந்தது. ஏழாம் வாய்ப்பாடு முழுக்க வாயிலிருந்து கொட்டியது. இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். நான் தேறிவிட்டேன்.

வெளியே ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். தன் மகளுக்கு இனிக் கல்யாணமே இல்லை என்று முழுக்க நம்பித்தான் அவள் கைதட்டினாள் என்பது அன்று எனக்கு எங்கே தெரிந்தது?