கிராணி வீட்டு வெண்கலத் தலை

இன்று காலை எங்கள் லூனாஸ் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைச் சயாம் போகும் லாரியில் ஏற்றினார்கள். ஏற வைத்தவன் நான்தான்.

ஜப்பான்காரன் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஒரு மார்பளவு வெண்கலச் சிலை இருந்தது. மின்சார விளக்கைக் கண்டுபிடித்தவருடையது. துரை போன மறுநாளே கிராணி அதைத் தன் வீட்டுக் கூடத்துக்குத் தூக்கிப்போய்விட்டார். ஜப்பான்காரனுக்குப் பயந்து, அடியில் இருந்த ஆங்கிலப் பெயரை மட்டும் அரத்தால் ராவி எடுத்துவிட்டார்.

இன்று சோதனைக்கு வந்த ஜப்பான் அதிகாரி அந்த முகத்தையே முறைத்தான். "சியாப்பா?" என்று மலாய் மொழியில் கேட்டான். யார் இது?

"லைட்டு கண்டுபிடிச்சவர், துவான்!"

அதிகாரி நம்பவில்லை. கிராணி என் பக்கம் திரும்பினார். பங்களாவில் விளக்கு மாட்டும் வேலை பார்த்தவன் நான்.

"தம்பி, உனக்குத் தெரியுமே. சொல்லு லா!"

தெரியும். அந்தப் பெயரை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன்.

"எங்க பழைய துரை மாதிரி இருக்கு, துவான்," என்றேன்.

எதிரியின் சிலையை வைத்திருந்ததற்குக் கிராணியின் கன்னத்தில் ஓர் அறை. அப்புறம் லாரி.

"ஏன்டா இப்படிப் பண்ணின?" என்று லாரி மேலிருந்து கத்தினார்.

போன வருஷம் என் அண்ணன் பெயரைச் சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதை வேலைக்கு எழுதிக்கொடுத்தவர் அவர்தான். அன்று அவர் அண்ணனுக்குச் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்:

"பயப்படாதீங்க ஐயா, மூணே மாசம் லா. திரும்பி வந்துடலாம்."

நான் செய்தது பாவம் என்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சயாமிலிருந்து திரும்பிய ஓர் ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து சொல்லுங்கள்.