பச்சை ஒயர் எங்கே போகிறது

கல்யாணமாகி வந்த மறுநாளே எங்கள் வீட்டு மெயின் பாக்ஸைத் திறந்து பார்த்தவள் என் அண்ணி. லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன். "இந்த ஒயர் எங்க போகுது?" என்று ஆரம்பித்தால், பதில் கிடைக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. எனக்கு அது எரிச்சல். நான் சலவைக்கடை நடத்துகிறவள்; வேலை ஓடினால் போதும் என்பது என் கட்சி.

போன வாரம் எங்கள் பெரிய வாஷிங் மெஷின் சுருக்கென்று ஷாக் அடிக்க ஆரம்பித்தது. கடையில் வேலைக்கு இருந்து அதை ஓட்டுகிற பெரியம்மாவுக்கு மட்டும்தான், எனக்கு அடிக்கவில்லை. "வயசானா எல்லாமே சுருக்குனுதான் இருக்கும் பெரியம்மா" என்று கிண்டல் வேறு செய்தேன். பாவம், புறங்கையால் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டே கதவைத் திறப்பார்.

விஷயம் காதில் விழுந்ததும் அண்ணி வந்து நின்றாள்.

"ஏன் உங்களுக்கு மட்டும் அடிக்குது பெரியம்மா?"

"தெரியலையேம்மா. கால் வீங்கிக் கெடக்கு, செருப்பு நுழையல. வெறுங்காலோடதான் நிக்கிறேன்."

அண்ணியின் முகம் மாறிவிட்டது. ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

"ஈரத் தரையில வெறுங்காலு! கரண்ட் இன்னும் கொஞ்சம் கூடுதலா கசிஞ்சா இவங்க உயிரே போயிடும். எர்த் இருந்தா அது மண்ணுக்குள்ள போயிருக்கணுமே!"

"எர்த்தெல்லாம் கட்டித்தான் இருக்கு அண்ணி" என்று நான் எகிறினேன்.

"கட்டியிருக்கு சரி. அது எங்க போகுது?"

பச்சை ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தாள். மெஷினின் பின்பக்கம், சோப்பு டப்பாக்களின் சந்து, ஜன்னலடி. எனக்கே ஆர்வம் தாங்கவில்லை, பின்னாலேயே போனேன். ஒயர் தண்ணீர்க் குழாயில் போய் முடிந்தது. கிளாம்ப் போட்டு ஜம்மென்று முடுக்கியிருந்தது. குழாய்தான் பிளாஸ்டிக்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துருத்தண்ணீரில் வெள்ளைத் துணியெல்லாம் கறையாகிறது என்று போன மாதம், மண்ணுக்குள் இறங்கியிருந்த இரும்புக் குழாயை மாற்றச் சொன்னது நான். மாற்றியவன் பிளம்பரான என் அண்ணன். அண்ணி அவனுக்குப் போன் போட்டாள்.

"இருந்த மாதிரியே கட்டிட்டேனே, ஒரு நட்டுகூட விடல" என்றான் மனுஷன் பெருமையாக.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "கடை திறக்கும்போதே குழி தோண்டி எர்த் போடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். குழாய்லயே கட்டினா போதும்னது யாரு?"

நான்தான். மண்வெட்டியைத் தேடிப் போனேன்.

அன்றைக்கே கடையின் பின்னால் குழி வெட்டி எர்த் ராடு இறக்கினோம். மெஷினுக்குள் தேய்ந்திருந்த ஒயரையும் மாற்றி, மீட்டர் வைத்து இரண்டு தரம் அளந்த பிறகுதான் அண்ணி மெயினைப் போட்டாள்.

"இப்பத் தொடுங்க பெரியம்மா."

பெரியம்மா நீட்டியது புறங்கையைத்தான். அதுவும் பாதியில் நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மொதல்ல நீங்க தொடுங்கம்மா" என்றார். "செருப்பைக் கழட்டிட்டு."

கழற்றினேன். மீட்டர் சொன்னதைக் கண்ணால் பார்த்திருந்தும், நானும் புறங்கையைத்தான் நீட்டினேன்.