ஓரத்தில் நின்ற சொல்

எங்கள் இஸ்லாமியச் சட்டத் துறையில் மூன்று பேராசிரியர்கள், எட்டு ஆய்வாளர்கள், ஒரே ஒரு டைப்பிஸ்ட் அக்கா. எங்களில் யார் இல்லாவிட்டாலும் துறை நடக்கும். அக்கா ஒரு நாள் லீவு போட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். சின்ன வயதில் குர்ஆன் ஓதக் கற்றவர் என்பதால் அரபு எழுத்துகளைப் பிழையில்லாமல் அடிப்பார். அர்த்தம் தெரியாது. "அர்த்தம் உங்க பாடு, எழுத்து என் பாடு" என்பார்.

அக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவர் திரும்பி ஏறவில்லை. ஆறு வருடமாக ஒரு தகவலும் கிடையாது. நூலகத்தில் புத்தகம் கட்டும் பைண்டர் அக்காவைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். அக்காவின் மேசைக்கால் ஆடுகிறது என்று அட்டை வைக்கும் சாக்கில் வாரம் ஒருமுறை வருவார். "அந்த மேசைக்கு மொத்தம் எத்தனை காலுக்கா?" என்று கிண்டலடிப்போம். அக்கா சிரிப்பை அடக்கிக்கொள்வார்.

என் ஆய்வே காணாமல்போன கணவனின் மனைவியைப் பற்றியதுதான். அவள் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? அவன் வயதுக்காரர்கள் எல்லோரும் போய்ச்சேரும்வரை என்பது ஒரு கட்சி. நான்கு வருடம் போதும், பிறகு மார்க்க நீதிபதியான காஜி பிரித்துவைக்கலாம் என்பது இன்னொரு கட்சி. நான் நம்பியிருந்த பழைய அரபு நூலில் முதல் கருத்து ஆணித்தரமாக இருந்தது. ஜெராக்ஸ் மெஷின் முன் வரிசை நீளம். ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அக்காவிடம் கொடுத்தேன்.

"தம்பி, கீழ ஓரத்துல தனியா ஒரு சொல் நிக்குதே, அதையும் அடிக்கணுமா?"

"வேணாம்க்கா. பக்கம் மாறிடக் கூடாதுன்னு அடுத்த பக்கத்தோட முதல் சொல்லை அப்படிப் போடுவாங்க. விட்டுடுங்க."

என் அத்தியாயத்தை அடித்து முடித்த அன்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நாலு வருஷம்ங்கிறது செல்லாதா தம்பி?"

எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். நான் தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை, காஜியிடம் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படித்த திமிர் விடவில்லை.

"அந்த நூலே சொல்லிடுச்சுக்கா. அதுக்கு மேல யார் என்ன சொல்ல?"

அடுத்த வாரத்திலிருந்து பைண்டர் வரவில்லை. மேசை ஆடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பட்டம் கிடைத்தது. முதல் ஆளாக வாழ்த்தியவர் அக்காதான்.

மூன்று வருடம் கழித்து, ஆய்வேட்டைப் புத்தகமாக்குவதற்காக அந்த நூலை மறுபடி எடுத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். முதல் சொல், அரபியில் ஒற்றைச் சொல்தான்: "நாம் சொல்கிறோம்."

எதிராளியின் வாதத்தை முழுசாக எடுத்துவைத்துவிட்டு, பிறகு "நாம் சொல்கிறோம்" என்று தொடங்கி அதை உடைப்பது இந்த நூல்களின் வழக்கம். முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும். 'ஒருவர் சொல்லக்கூடும்' என்ற தொடக்கம் முந்தைய பக்கத்தில் கிடந்தது. நான் எடுத்தது நடுவிலிருந்த எதிராளியின் பக்கம். நூலாசிரியரின் முடிவு நான்கு வருடம்தான். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஒருவனே இரண்டையும் செய்து, அமையவிருந்த ஒரு குடும்பத்தையும் கெடுத்திருந்தேன்.

பத்து நாள் அக்கா இருந்த திசைக்கே போகவில்லை. பதினோராம் நாள், முன்னும் பின்னுமாகப் பத்துப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்குக் கீழ நின்னது இதுதானா?"

"ஆமாக்கா. மன்னிச்சிடுங்க. இப்பகூட காஜிகிட்ட போகலாம். நானே கூட வர்றேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவருக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. போன மாசம் பொண்ணு பொறந்திருக்கு."

நான் ஜெராக்ஸ் தாள்களை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

"இது அவருக்குத் தெரிய வேணாம். எனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சுத்தான் மனசைத் தேத்திக்கிட்டாரு. அப்படியே இருக்கட்டும்."

பிறகு கையை நீட்டினார். "கொடுங்க, திருத்தத்தை அடிச்சுடுறேன்."

ஆடும் மேசையில் ஒரு கையை ஊன்றி முதல் பக்கத்தை அடித்து முடித்தார். ஜெராக்ஸில் அதன் கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"கீழ ஒரு சொல் நிக்குது தம்பி. விட்டுடவா?"