பச்சை நூல் போட்ட சாரன்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஆரையம்பதிக்குப் போய் மூர்த்தி அண்ணனைக் கேளுங்கள். வலது தோளைத் தடவிக்கொண்டே சொல்வார். வாதாட எனக்குத் தெம்பு இல்லை. பேய் பிசாசு எல்லாம் இரவில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது பட்டப்பகலில், பாலைவனத்து வெயிலில்.

என் பெயர் முத்தலிப். ஊர் காத்தான்குடி. சவூதியில் ஹாயில் பக்கம் ஒரு வீட்டில் ஆறு வருடம் ட்ரைவர் வேலை. அந்த வேலையை என் எதிரிக்கும் சொல்ல மாட்டேன். முதலாளிக்கு நித்திரை வந்தால் முதலாளியம்மாவுக்கு கடைக்குப் போகத் தோன்றும். கண்ணுக்குள் எப்போதும் மணலைக் கொட்டின மாதிரி ஒரு எரிச்சல். அடுத்த கிழமை ஒரேயடியாக ஊர் திரும்ப டிக்கட் போட்டிருந்தது. அதுவரைக்கும் ஸ்டியரிங்கில் தூங்கி விழாமல், உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும். என் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை வந்தால் கால்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு சாரனும் பெனியனும் போட்டுக்கொள்வேன். அந்தச் சுகத்துக்கு ஈடு கிடையாது. இந்தச் சாரனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மாமி ஹவ்வா உம்மாவுக்கு இரண்டு மருமகன்கள். மூத்தவள் நிஸ்மியாவை முடித்தது நான். இளையவள் அம்னாவை முடித்தது றுஸ்தி, வாவியில் வலை வீசுகிறவன்; வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாமி எங்கள் இருவருக்கும் ஒரே தறியில், ஒரே பாவில் நெய்த சாரன்தான் எடுப்பா. ஒருவனுக்கு உசத்தி, மற்றவனுக்கு மட்டம் என்று பேச்சு வரக்கூடாதாம். கொடியில் காயும்போது எது யாருடையது என்று தெரியாது. அதனால் மூட்டின இடத்தில் எனக்குப் பச்சை நூல், றுஸ்திக்குச் சிவப்பு நூல்.

கடைசி லீவு முடிந்து வந்து பெட்டியைத் திறந்தால், சிவப்பு நூல் இருக்கிறது. நிஸ்மியாவுக்குப் போன் எடுத்தேன். சிரித்தாள்.

"கொடியில மாறிப்போச்சிங்க. உங்கட பச்ச நூல உடுத்துக்கிட்டு அவர் ஆத்துல நிக்கிறார்."

"நிக்கட்டும், நிக்கட்டும். வந்து வாங்குறன்."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, அப்போதுதான் தலையைச் சாய்த்தேன். மூர்த்தி அண்ணன் வந்து நின்றார். பிளம்பர் வேலை செய்கிறவர். ஊரில் பக்கத்து ஊர், இங்கே பக்கத்து அறை.

"தம்பி, நீ போகப்போறாய். மறுகா என்னை ஆர் கூட்டிப் போறது? அந்தப் பழைய ஹஜ்ஜுப் பாதையை ஒருக்காக் காட்டன்."

சுபைதா ராணி காலத்துப் பாதை அது. ஹஜ்ஜுக்கு நடந்து போனவர்களுக்காக வழி நெடுகக் கல்லால் குளம் கட்டியிருக்கிறார்கள். ஒரு மணித்தியால ஓட்டம். முந்தின நாள் முழுக்க றியாத்துக்குப் போய்வந்த களை என் எலும்பில் கிடந்தது. ஆனாலும் அண்ணன் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உடுத்திருந்த சிவப்பு நூல் சாரனோடேயே பிக்கப்பில் ஏறினேன்.

குளம் பெரிசுதான். படிக்கட்டு எல்லாம் அப்படியே இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, அடியில் வெடித்த களிமண். அண்ணன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் நிழல் பார்த்துப் படியில் குந்தினேன்.

களக்... களக்...

தோணியின் ஓரத்தில் தண்ணீர் அடிக்கிற சத்தம்.

"அண்ணே, கேக்குதா?"

"என்னது? காத்துத்தான் வீசுது."

அப்புறம் வாசம் வந்தது. சேறும் உப்பும் கரையோரக் கண்ணா மரத்து இலை அழுகினதும் கலந்த வாசம். எங்கள் வாவியின் வாசம். அது எனக்குத் தெரியாதா? நித்திரைக் கோளாறு என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன்.

சாரன் கனத்தது.

முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. விரலை வைத்து நாக்கில் தொட்டேன். உப்பு.

"வாங்க அண்ணே, போவம்."

திரும்பும் பாதை நேரே கிடந்தது. வளைவு இல்லை, மரம் இல்லை. அப்படிப்பட்ட பாதைதான் ஆளைத் தூங்க வைக்கும். அண்ணன் குனிந்து பார்த்தார்.

"தம்பி... உன்ர காலடியில தண்ணி."

"போத்தல் ஒழுகுது போல."

"போத்தல் என்ர கையில கிடக்கு."

காலில் ஏதோ சுற்றியது. குனிந்து எடுத்தேன். பாசி... பச்சைப் பாசி.

இடுப்பு வரைக்கும் குளிர்ந்தது. வெளியில் அனல் வீசுகிறது, நான் தண்ணீரில் நிற்கிறேன். எவ்வளவு இதம், யா அல்லாஹ்! ஆறு வருடக் களை கரைந்து போகிற மாதிரி இருந்தது. ரோடு மெதுவாக அலை அடித்தது. கண் இறங்கியது...

பாம்ம்ம்ம்ம்!

ட்ரெய்லர்.

"தம்பீ!"

அண்ணன் ஸ்டியரிங்கை இழுத்தார்.

டமார்...

பிறகு சத்தமே இல்லை. ட்ரெய்லர் போய்விட்டது. பிக்கப் ஒரு கல் மேட்டில் முட்டி நின்றது. முன்பக்கம் சப்பை. ஸ்டியரிங் என் பக்கம் மடங்கிக் கிடந்தது. மணி மூன்றரை.

பெல்ட் இறுக்கியதில் அண்ணனுக்கு வலது தோளில் கன்றிப்போய் வீங்கியிருந்தது. வலியில் முனகினார். நான் என் நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பெல்ட் இறுக்கினதே எனக்குத் தெரியவில்லை. மெத்தையில் விழுந்த மாதிரி இருந்தது.

சாரன் காய்ந்திருந்தது. பாசியையும் காணவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. நிஸ்மியா. பேச முடியாமல் அழுதாள்.

"றுஸ்தி மௌத்தாப் போயிட்டார்... ஆத்துக்குள்ள... இப்பதான், மஹ்ரிபுக்கு பாங்கு சொல்லக்குள்ள..."

அங்கே மூன்றரை என்றால் நம் ஊரில் ஆறு மணி, மஹ்ரிபுக்கு பாங்கு சொல்கிற நேரம்.

அடுத்த கிழமை வீடு வந்தேன். அம்னா இத்தாவில், வெளி ஆண்கள் முகம் பார்க்காமல் உள் அறையில் இருந்தாள். றுஸ்தியின் தம்பி அக்ரம் என்னை வாசலுக்குக் கூட்டிப் போனான். மையித்தைக் குளிப்பாட்டினவர்களில் அவனும் ஒருவன்.

"காக்கா, இடுப்பளவு தண்ணியில நின்டு வல வீசியிரிக்கார். பக்கத்துத் தோணியில ஆக்கள் பாத்திரிக்காங்க. சும்மா நின்டவர் அப்புடியே பின்னுக்குப் போய் விழுந்தாராம். முதல எண்டு நெனச்சி ஓடியிரிக்காங்க."

"முதலையா?"

"கடி ஒண்டும் இல்ல. நெஞ்செலும்பெல்லாம் நொறுங்கிக் கிடந்திச்சி. டொக்டர் கேட்டாரு, எந்த வாகனம் அடிச்ச எண்டு."

நான் என் நெஞ்சைத் தடவிப் பார்த்தேன்.

"பட்டை மாதிரி ஒரு கன்றலும் இரிந்திச்சி. பெல்ட் போட்ட தழும்பு மாதிரி."

"எந்தத் தோள்ல?"

"இடது தோள்ல இருந்து வலது இடுப்பு மட்டும்."

நம் நாட்டில் ட்ரைவர் வலப்பக்கம் இருப்பான். பெல்ட் வலது தோளிலிருந்து இறங்கும். இடது தோளிலிருந்து இறங்குவது சவூதியில் ஓட்டுகிறவனுக்கு. றுஸ்தி சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டினதில்லை.

எனக்கு வந்த மௌத்தை என் தம்பி மாதிரியானவன் உடுத்துக்கொண்டு போய்விட்டான். அதை அம்னாவிடம் எந்த வாயால் சொல்வேன்? இன்று வரைக்கும் சொல்லவில்லை.

நிஸ்மியா உள்ளிருந்து வந்தாள். கையில் துவைத்து மடித்த சாரன்.

"அவர் மௌத்தாகக்குள்ள உடுத்திருந்தது. உங்கட தானே, அம்னா தரச் சொன்னா."

மடிப்பின் மேலே பச்சை நூல் தெரிந்தது.