மண் தொட்டு வந்த பந்து

அவரைப் போலப் பந்து போடுகிற ஆளை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மிஷன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர். ஐந்து வருஷம் எங்கள் ஊர் கிரிக்கெட் அணிக்கு வீசினார். நான் விக்கெட் கீப்பர். அவர் பந்தைப் பிடித்துப் பிடித்து என் இடது சுண்டுவிரல் இன்றும் கோணல்தான். கேட்பவர்களிடம் பெருமையாகக் காட்டுவேன்.

மற்ற பத்துப் பேரும் நாஞ்சில்நாட்டுச் சைவர்கள். அவர், நாங்கள் தீண்டக்கூடாது என்று வைத்திருந்த சாதியிலிருந்து கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர். அதனால் ஒரு ஏற்பாடு: பந்து எங்கள் கையிலிருந்து அவர் கைக்கு நேரே போகக்கூடாது, தரையில் உருட்டிவிட வேண்டும். மண் பட்டால் தீட்டில்லையாம். அவர் வீசுவதும் தரையில் குத்தித்தானே வருகிறது, தோஷமில்லை! பந்து மாட்டுத்தோல். அதைப் பிடிக்க எங்களில் ஒரு சைவனும் கூசியதில்லை.

ஒருமுறை குழித்துறை ஆற்றோரத் திடலில் ஆட்டம். திருவனந்தபுரம் அணிக்கு ஆள் எடுக்க ஒரு பெரியவர் காரில் வந்திருந்தார். எடுபட்டால் அங்கே வேலையும் உண்டு. அந்த நினைப்பில் எங்கள் பந்துவீச்சாளர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

காலை மழையில் புல் நனைந்திருந்தது. அதில் உருண்டு உருண்டு பந்து சோப்புக்கட்டியாக வழுக்கியது. அவர் சட்டையில் துடைத்தார், சட்டையும் ஈரமாயிற்று. பந்து எங்கெங்கோ போயிற்று. பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். அதைப் பார்த்த பிறகும் இன்னும் ஒரு ஓவர் உருட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு பொறுக்கவில்லை. பந்தைத் துண்டில் துடைத்து எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"ஏலே, உருட்டி விடுலே!" என்று கத்தினார் கேப்டன்.

காதில் விழாதவன்போலப் போய்ப் பந்துவீச்சாளர் கையில் வைத்தேன். அவர்தான் பதறினார்.

"வேண்டாம் சார், எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். நீரு போடும்."

மூன்று பந்து, மூன்று பேர் அவுட். ஒவ்வொரு பந்தையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது பந்தில் ஸ்டம்பு பறந்ததும் தலைகால் புரியாமல் பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். கார் நின்ற இடத்தில் டயர் தடம் மட்டும் கிடந்தது.

அவரும் அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"போட்டும் சார். பந்து காஞ்சு வந்துச்சுல்லா."

அந்த முப்பது காலடியை ஒரு ஓவர் முன்னால் நான் நடந்திருக்கலாம்.